எண்பத்தொன்பதாம் நாள்

என் வீட்டுப் பின்கோடுக்கு
அந்த நீலக் கார்டு கிடையாதாம்.
ரோட்டைக் கடந்தால் உண்டு.
களியக்காவிளைக்காரனுக்கு இது புதிதல்ல.
இந்தப் பக்கம் பெட்ரோல் மலிவு,
அந்தப் பக்கம் லாட்டரி.
கடனும் இப்போது ஒரு பக்கம் பார்த்து நிற்கிறது, அவ்வளவுதான்.

இஞ்சிவிளையில்
மச்சான் பிரைட்சிங்கின் பேட்டரிக்கடை விலாசம் கொடுத்தேன்.
ஏழாம் நாள்
கூரியர்காரன் மலையாளத்தில் விளித்தான்.

தொண்ணூறு நாளில் ஒரு லட்சம் செலவழித்தால்
வரவேற்புப் புள்ளி பத்தாயிரம்.
ஐஸ் பிளான்ட்டில் கணக்கெழுதுகிறவன் நான்,
சம்பளம் பதினெட்டு.
ஒரு லட்சம் என்னிடம் இல்லை.
ஆனால் விடிகாலை மூன்று மணிக்கு
மீன்சந்தையில்
ஒரு லட்சம் என் முன்னால் நடந்து போகும்,
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"ரூவாய எங்கிட்ட தாரும் வோய்,
நான் கார்டுல தேய்க்கேன்."

மரியசேவியருக்கு லாரி டயர்.
வியாகுலத்துக்கு பிரிட்ஜ்.
கோயில் கமிட்டிக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு மைக்.
செதில் ஒட்டிய நோட்டுகளை
எண்ணி வாங்கி பாங்கில் போட்டேன்.
கெடுவுக்கு ஒரு நாள் முன்பே கட்டினேன்,
பிந்தினால் வட்டி வந்து புள்ளியைத் தின்றுவிடும்.
கையை எத்தனை சோப்பு போட்டுக் கழுவியும்
வாடை போகவில்லை.
புள்ளிக்கு வாடை இல்லை.

பன்னிரண்டாயிரம் புள்ளிக்கு
திருவனந்தபுரத்திலிருந்து மஸ்கட்.
போக மட்டும்.
மெர்லின் அங்கே நர்ஸாகி இரண்டரை வருடம்.
திரும்பி வருவதற்கு
இன்னொரு கார்டு பார்க்க வேண்டும் என்று
அவளிடம் சொன்னபோது சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை,
எந்தக் கார்டு என்றும் பார்த்து வைத்திருந்தேன்.

எண்பத்தொன்பதாம் நாள்
ஆறாயிரத்து இருநூற்று நாற்பது குறைந்தது.
கடலில் காற்று. நான்கு நாளாய் வள்ளம் இறங்கவில்லை.
சந்தையில் பூனைகள் மட்டும்.
யாருக்கும் எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை.
பெட்ரோலுக்குப் புள்ளி இல்லை,
வாடகைக்கு இல்லை, தங்கத்துக்கு இல்லை.
ஆஸ்பத்திரிக்கு உண்டு.

ராத்திரி எட்டரைக்கு வாட்ச்மேன் சொன்னார்:
ஐஸ் சுமக்கிற ஏசுவடியானின் மகள்
பாறசாலையில் கிடக்கிறாள்,
டெங்கு, குறைந்துவிட்டது,
பில் கட்டாததால் விடவில்லை.

"பில்லு எவ்வளவு?"
அதுதான் நான் முதலில் கேட்டது.
பிள்ளையின் பெயரை
பைக்கில் பாதி தூரம் போனபிறகுதான் நினைத்தேன்,
அப்போதும் ஞாபகம் வரவில்லை.
மழையில், ஹெல்மெட் இல்லாமல்,
சந்தோஷமாய்ப் போனேன்.

ஆறாயிரத்து எண்ணூற்று எழுபது.
மெஷின் பீப் என்றது.
ஏசுவடியான் என் மணிக்கட்டை
இரண்டு கையாலும் பிடித்தார்.
ஐஸ் இல்லாத நாளிலும் ஜில்லென்றிருக்கிற கை.
"கடவுளாக்கும் சாறே உம்ம அனுப்பினது."
அந்தக் கைக்குள்ளேயே
என் போன் அதிர்ந்தது:
வாழ்த்துகள், நீங்கள் இலக்கை எட்டிவிட்டீர்கள்.
அவருக்குப் பின்னால் பெஞ்சில்
சின்னப் பெண் ஒருத்தி
ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தியபடி
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சனிக்கிழமைதோறும்
இருநூறு ரூபாய் கொண்டு தருகிறார், ஈரமாய்.
வேண்டாம் என்று சொல்ல
ஒவ்வொரு வெள்ளியும் தீர்மானிக்கிறேன்.
ஒவ்வொரு சனியும்
நோட்டில் வரவு எழுதுகிறேன்.

டிக்கெட் எடுத்தாயிற்று, மார்ச் ஒன்பது.
வரி தனியாக மூவாயிரத்துச் சொச்சம்;
அதை யாரும் முன்னால் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை
பணத்தைக் கொடுத்துவிட்டு நின்றார்.
"சாறே, ஆபத்துக்கு நல்லதில்லியா,
அந்தக் கார்டு எனக்கும் கிட்டுமா?"

அவர் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம்.
பின்கோடு சரி.
ஆள் சேர்த்தால் எனக்குப் புள்ளி ஆயிரத்து ஐந்நூறு.

பார்ப்போம் என்றேன்.
அதற்குள் மனம்
கூட்டி முடித்திருந்தது.