சூடை வலை

முதலில் சீடி கட்டினேன்.
கணிதச் செயலமர்வில் தந்தவை, பதினொன்று.
கொய்யாக் கொப்புகளில் தொங்கி
வெயிலை உடைத்துக்
கிணற்றுக்கட்டு வரை எறிந்தன.
இரண்டு நாள் கிளி வரவில்லை.
மூன்றாம் நாள் ஒன்று வந்து
சீடிக்கு முன்னால் இருந்து
கழுத்தைச் சரித்துத்
தன் சிவப்பு வளையத்தைப் பார்த்தது,
பிறகு
பழத்தைப் பார்த்தது.

அதன்பின் தாள்.
மாரி குடித்த மரம் தை பிறக்கக்
கொப்பு வளையக் காய்த்திருந்தது.
அலுமாரியில் தரம் ஒன்பதின்
மூன்றாம் தவணை விடைத்தாள்கள்.
ஒரு காய்க்கு ஒரு தாள்,
சணல் நூலில் ஒரு முடிச்சு.
கபிலாசினி எழுபத்தெட்டு, கிணற்றுப் பக்கம்.
தர்மிகன் நாற்பத்தொன்று, வேலியோரம்.
றெஜிபன்,
பெயரும் சுட்டெண்ணும் மட்டும் எழுதிய வெறுந்தாள்,
உச்சியில்.

வவுனியாவிலிருந்து இவர் போனில் சிரித்தார்:
"முழங்காவில் சந்தையில
கொய்யா கிலோ என்ன விலை?
உனக்கென்ன விசரே?"
காசுக்காக இல்லை என்றேன்.
எண்ணி வைத்தது குறையக் கூடாது, அவ்வளவுதான்.

காலையில் பல் விளக்கியபடி
இடாப்புக் கூப்பிடுவதுபோல் மரத்தைச் சுற்றுவேன்.
குக்குறுவான் ஒரு சமன்பாட்டைத் துளைத்து
மறுபக்கத்தால் போயிருக்கும்.
கிளி இன்னும் மோசம்:
கபிலாசினியின் சரியான விடைகளையெல்லாம்
துண்டு துண்டாகக் கீழே போட்டு
விதை வரை தின்றிருந்தது.
நாற்பத்தொன்றை
இரவோடு இரவாக வௌவால் கொண்டுபோனது,
நூலோடு.
உச்சித் தாளை மட்டும்
எதுவும் தொடவில்லை.

ஐஸ் பெட்டி கட்டிய சைக்கிளில்
றெஜிபன் சந்தியில் நின்றான்.
தையிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை அவனுக்கு,
நாச்சிக்குடாவில் சித்தப்பாவின் படகு.
ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் கிட்டப் போனேன்.
வாய் கிளியைப் பற்றிச் சொன்னது.
"நண்டு வலை சரிவராது டீச்சர்,
கண் பெரிசு, குருவி பூந்திடும்.
சூடை வலை ஒண்டு கிழிஞ்சு கிடக்கு,
கொண்டு வாறன்."

ஞாயிறு பூசை முடிய வந்தான்.
கதியாலில் ஒரு கால்,
தோளைத் திருப்பி ஒரு வீச்சு.
மரம் ஒருமுறை துள்ளிப் பார்த்து
அடங்கியது.
வளவெல்லாம் கடல் நாறியது.
பக்கத்து வளவுப் பூனை வந்தது.
வலையில் காய்ந்து கிடந்த சூடைத் தலைகளுக்காக
அதுவரை வராத காகங்களும் வந்தன.

புதன்கிழமை ஒரு புலுனி மாட்டிக்கொண்டது.
மற்ற ஆறும் வேலியில் வரிசையாக இருந்து
ஊருக்கே கேட்க என்னை ஏசின.
கத்தரிக்கோலால் எட்டுக் கண் வெட்டினேன்.
விரலைக் கொத்திவிட்டுப் பறந்தது.
நன்றி கின்றி ஒன்றும் இல்லை.
ஓட்டையை நீல நைலோன் நூலால் தைத்தேன்,
அடிமட்டம் இல்லாமல் கீறிய முக்கோணம் போல
ஒரு தையல்.

மாசிக் கடைசியில் உச்சி மஞ்சளித்தது.
வலைக்குள் நுழைந்து அவன்தான் ஏறிப் பறித்தான்.
இறங்கி, தாளைப் பிரித்து,
தன் கையெழுத்தைக் கண்டான்.
நான் கிணற்றைப் பார்த்தேன்.
தாளை நான்காக மடித்துச்
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

மீன் வெட்டுகிற கத்தி.
ஒரு கீறல் இல்லாத தோலுக்குள்
வெள்ளைப் புழுக்கள்.
ஈ எப்போதோ குத்திவிட்டுப் போயிருக்கிறது.
"கிளிக்குத் தெரிஞ்சிருக்கு டீச்சர்."
பழுதை வழித்துக் காகத்துக்கு எறிந்தான்.
மிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"மூண்டில ரெண்டு தேறும்."
அதை நடுவால் பிளந்து,
பெரிய பாதியை என் பக்கம் வைத்தான்.
பாதியில் பெரிசு சிறிசு இல்லையென்று
நான் சொல்லவில்லை.

உப்பும் தூளும் எடுக்கக் குசினிக்குள் போனேன்.
திரும்பி வர
என் பாதி கால்வாசியாக இருந்தது.
"கிளி வந்தது டீச்சர்" என்றான்,
வாய் நிறைய.