நூற்றொன்பதை நூற்றுப்பத்தாக்குதல்

தஞ்சாவூர் ஓடுதளத்தின் நடுவில் ஒரு புள்ளி,
நெய்வேலி ஓடுதளத்தின் நடுவில் இன்னொன்று.
அளவுகோலை வைத்தேன்.
பத்து சென்டிமீட்டர், அதற்கு மேல் ஒன்பது கோடு.
தரையில் நூற்றொன்பது கிலோமீட்டர்.
தரையில் என்றா சொன்னேன்?
வானத்தில்.

ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் ஆலோசனை நிறுவனம்.
இன்னும் வராத விமானத்துக்கு
இன்னும் ஏறாத பயணிகளை
எண்ணித் தருவது என் வேலை.
மாதம் பதினான்காயிரம்.

எழுபது இருக்கை, இரண்டு காற்றாடி.
ஏற ஒன்பது நிமிடம், இறங்கப் பதினொன்று,
நடுவில் நேராகப் பறக்க ஆறுதான் மிஞ்சுகிறது.
காலை நீட்டுவதற்குள் பெல்ட்டைப் போடச் சொல்வார்கள்.
ஓடுதளத்தில் ஊர்வதையும் சேர்த்து
முப்பத்திரண்டு என்று கட்டத்தில் போட்டேன்.

பென்சில் கோடு
வடவாறு வெண்ணாறு வெட்டாற்றைத் தாண்டி
அய்யம்பேட்டையில் எங்கள் தெருவின் மேலேயே போகிறது.
நாலாவது நிமிடம்.
பிறகு குடமுருட்டி, காவிரி, கொள்ளிடம்,
ஒரு கொட்டாவிக்குள் மூன்றும்.

ஜபருல்லா இரண்டாம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கிறார்.
ஒன்றுவிட்ட சனிக்கிழமை பஸ் ஏறுவார்.
நாலு மணி நேரம், சிலநாள் நாலரை.
அணைக்கரைப் பாலத்தில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்கும்போது
போன் வரும்:
"கொள்ளிடத்துல நிக்குறேன்."
அரிசியைக் களைந்து ஊறவைப்பேன்.
கும்பகோணத்தில் பேசமாட்டார், தூங்கியிருப்பார்.
பாபநாசம் என்றால் உலை.
கடிகாரம் பார்த்து நான் சமைத்ததில்லை.

அடுத்த பத்தி: மிச்சமாகும் நேரத்தின் மதிப்பு.
அலுவல் பயணிக்கு மணிக்கு இவ்வளவு,
இதர பயணிக்கு அதில் பாதி.
அவர் இதர.
பெருக்கிப் பார்த்தேன்,
மூன்றரை மணி நேர ஜபருல்லாவுக்கு
ஒரு கிலோ ஆட்டுக்கறிகூட வரவில்லை.

சும்மா இருக்கமுடியாமல் கீழே சின்ன எழுத்தில் சேர்த்தேன்:
குவார்ட்டர்ஸிலிருந்து விமான நிலையம், ஆட்டோ, இருபது நிமிடம்.
சோதனைக்கு ஒரு மணி முன்னதாக.
பெட்டிக்குக் காத்திருக்கக் கால் மணி.
தஞ்சாவூரில் இறங்கி,
பறந்து கடந்த அதே வீட்டுக்கு
இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் திரும்பி வர ஒரு மணி.
ஆக மொத்தம் மூன்று மணிக்குக் கொஞ்சம் மேல்.

தியாகேசன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ஏம்மா ஷாஹிதா, அவன் அய்யம்பேட்டைக்கு டிக்கெட் எடுக்கலையே.
தஞ்சாவூருக்குத்தானே எடுத்தான்?"
நியாயம்தான்.
சின்ன எழுத்தை அழித்தேன்.

மேலே பறக்கையில் போனை அணைத்து வைக்கவேண்டுமாம்.
கொள்ளிடத்தில் நிற்கிறேன் என்று
நிற்காத ஒன்றிலிருந்து சொல்லவும் முடியாது.
அரிசியை எப்போது போடுவது என்பதற்கு
இந்த அறிக்கையில் பத்தி இல்லை.

அச்சுக்குப் போகும் முன் சார் மறுபடி கூப்பிட்டார்:
"நூத்தி ஒன்பது நல்லா இல்ல. நூத்திப் பத்துன்னு போடு.
ஒரு கிலோமீட்டர்தானே, யார் அளக்கப் போறா?"

போட்டேன்.
பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் வீடு சரியாக ஒரு கிலோமீட்டர்.
தோளில் பை, கையில் வாழைப்பழச் சீப்பு,
நாய்களுக்குப் பயந்து
நடுரோட்டிலேயே நடந்து வருவார்.
கேட்டால் இதைச் சொல்லிக்கொள்ளலாம்.