கோடு

எங்கள் கணக்குப் புத்தகத்தில்
கல்யாணத்துக்கு எண் போடுவோம்,
சாவுக்குக் கோடு.

நாற்காலிக்கு எழுபது காசு,
கூடாரத்துக்கு நூற்றிருபது வெள்ளி,
மேசைத் துணி தனி.
பகாவ் டவுனில், டயர்க் கடைக்குப் பின்னால்
'ஆதிமூலம் கூடாரம் நாற்காலி வாடகை'.
ஒரு லோரி, அறுபது நாற்காலி என்று அப்பா தொடங்கியது;
இப்போது லோரி மூன்று, நாற்காலி ஆயிரத்துச் சொச்சம்.
கோடு மட்டும் அவர் போட்ட அதே கோடு.

விடியற்காலை நாலு மணிக்குப் போன் அடித்தால்
தியாகு விலை பேச மாட்டான்.
"எத்தன பேர் வருவாங்க?" என்பான்.
மறுமுனையில் அழுகை நின்று
எண்ணத் தொடங்கும்:
அண்ணன் வீட்டில் ஆறு, சிகாமட்டில் இருந்து ஒரு வேன்,
கோயில் கமிட்டி.

எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு.
ஒவ்வொரு நாற்காலி முதுகிலும்
சிவப்பு மையில் எங்கள் பெயர், போன் நம்பர்.
இந்த ஊரின் துக்க வீட்டுப் படம் எதை எடுத்தாலும்
ஓரத்தில் அப்பா பெயர் இருக்கும்.
தர்மம் பண்றோமா, விளம்பரம் பண்றோமா?
கேட்டேன்.
லோரி டயரை உதைத்துப் பார்த்தபடி தியாகு சொன்னான்:
"பேரு இல்லேன்னா திரும்பி வராதுக்கா."
பெயர் இருந்தும் வருவதில்லை என்பது
கணக்கு எழுதுகிற எனக்குத் தெரியும்.
ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ஒன்பது,
தீமிதி அன்று பதினொன்று.
மீன் பிடிக்க, துணி காயப்போட,
ராத்திரிக் காவல்காரர் கால் நீட்ட.

போன வருஷம் செம்பனைக் குலை விழுந்து
வங்காளதேசத்துப் பையன் ஒருவன் போனான்.
ரொகிபுல். இருபத்து நாலு வயது.
மண்டோர் சொல்ல, நாற்பது அனுப்பினோம்.
யாரும் உட்காரவில்லை.
ஏர்போர்ட் வேன் கிளம்பும்வரை
லயத்து வாசலில் நின்றே இருந்தார்கள்.
மறுநாள் நாற்பதும் வந்தன,
சோப்புப் போட்டுக் கழுவி.
அன்றைய கோடு கொஞ்சம் கோணல்.

டிசம்பர் வெள்ளத்துக்குத்
தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்கு இருநூறு போயிற்று.
பதினோரு நாள்.
சீனத்துப் பெரியவர்கள் அதிலேயே தூங்கினார்கள்,
மலாய்ப் பிள்ளைகள் ரயில் ஓட்டினார்கள்,
யாரோ ஒருத்தி நான்கைச் சேர்த்துப் பிணைத்துக்
கைக்குழந்தையைக் கிடத்தினாள்.
தண்ணீர் வடிந்ததும் எண்ணினோம்.
இருநூற்றுப் பத்தொன்பது.

தியாகு மறுபடி எண்ணினான்.
கம்பி சுற்றிய கால்கள்.
வெயிலில் வெளுத்த முதுகுகள்.
ஒன்றில் 'ஆதி' அழிந்துபோய்
'மூலம்' மட்டும் மிச்சம்;
அதில் உட்கார லோரிப் பையன்கள் யாரும் துணியவில்லை.
ஏழாங்கட்டை லயத்தை இடித்தே மூன்று வருஷம்.
அந்த ஒன்பதை
எந்த அடுக்குமாடி வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள்,
எத்தனை படி இறக்கிக் கொண்டு வந்தார்கள்?
விசாரிக்கவில்லை.
விசாரித்தால் யாராவது
தலை குனிய வேண்டி வரும்.

ஒன்று மட்டும் எங்களுடையது அல்ல.
நீல மையில் 'வா செங்'.
ரொம்பினில் இருக்கிற கடை.
போன் போட்டேன்.
தவுக்கே மகள் மலாயில் சிரித்தாள்:
"வைத்துக்கொள். உங்களுடையது இரண்டு இங்கே கிடக்கிறது.
இன்றைக்கு ஒரு சாவு,
அதில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்."
"எவ்வளவு போட்டீர்கள்?"
"சாவுக்கா? நாங்களும் வாங்குவதில்லை."

பத்து மைலில் இன்னொரு கோடு ஓடிக்கொண்டிருந்தது
இத்தனை வருஷமாய்
எனக்குத் தெரியாது.

கூடுதல் பத்தொன்பதை எழுத
வரவுப் பக்கத்திலும் இடமில்லை, செலவிலும் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன்.
தியாகு சாவியை எடுத்துவிட்டான்:
லாடாங் கெலுலூட், எழுபது பேர்.
நல்லதாகப் பார்த்து ஏற்றினோம்.
கம்பி கட்டியவை ஆட்டம் காண்கின்றன,
வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஆகாது.
'மூலம்' கடையில் இருக்கட்டும்,
கணக்கு எழுத நான் உட்கார்ந்து கொள்கிறேன்.