பதினொரு டாலர்

விற்றவன் "ஓடும்" என்றான்.
எப்போது என்று சொல்லவில்லை.
தொண்ணூற்றாறாம் வருடத்து டாட்ஜ், டீசல்,
நாலு லட்சத்துச் சொச்சம் மைல்,
பின்சக்கரத்துக்கு மேலே துரு
எலி கொறித்த ரொட்டி மாதிரி.

வெர்னா ஹால்வர்சன்
பண்ணை பண்ணையாகப் போய் வெல்டிங் செய்கிறவள்.
வடக்கு டக்கோட்டாவின் ஜனவரியில்
முறியாத இரும்பு கிடையாது.
முறிந்த இரும்பு எழுந்து நடந்து வராது,
அவள்தான் போகவேண்டும்.

டர்போ மாற்றினால், இன்ஜெக்டர் மாற்றினால்
இன்னும் நூறு குதிரை ஏற்றலாம் என்றான்
உதிரிபாகக் கடைப் பையன்.
"இருக்கிற குதிரைகள் காலையில் எழுந்தால் போதும்."

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்போம்.
இந்த எஞ்சினில் கதை தலைகீழ்.
முன்மூடிக்குள் சுண்டுவிரல் நுனியளவு எஃகு முளை ஒன்று.
பூட்டுகிற அன்றைக்குப் பாகங்களை நேராக நிறுத்தியதோடு
அதன் உத்தியோகம் முடிந்தது.
வேலை முடிந்தவன் சும்மா இருப்பானா,
அதிர்ந்து அதிர்ந்து
வருடத்துக்கு ஒரு மயிரிழை வெளியே வருவான்.
ஒருநாள் பல்சக்கரங்களுக்கு நடுவில் குதிப்பான்.
அன்றோடு சரி.

விசிறியைக் கழற்றி, மூடியைக் கழற்றி,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தாள்.
பாதி வந்திருந்தது.
தட்டி உள்ளே அனுப்பினாள்.
பழைய கலப்பைத் தகட்டில் துண்டு வெட்டி
வாசலை மறித்து போல்ட் போட்டாள்.
செலவு, மூன்று ஞாயிற்றுக்கிழமை
ஒரு முட்டித் தோல்.

அப்புறம்
ராத்திரியெல்லாம் காற்றை உறிஞ்சிக்கொண்டு
காலையில் மூச்சு முட்டும் ரப்பர் குழாய்கள்.
இரண்டு பாட்டரிக்கும் கட்டைவிரல் தடிமனில் செப்புக் கம்பி.
எஞ்சினைச் சூடேற்ற ஹீட்டர்,
அதன் வயர் நாய்க்கு எட்டாத உயரத்தில்.
பின்தட்டில் வெல்டிங் ஜெனரேட்டர், டீசல் தொட்டி,
கையால் சுற்றும் குட்டி கிரேன்.
அதற்கு மைத்துனன் என்று பெயர் வைத்தாள்:
கொஞ்சம் தூக்கும், நிறைய முனகும்.

ஓட்டுநர் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது.
பதினொரு டாலர்.
கண்ணாடியை இறக்கி, வெளியே கையை விட்டுத்
திறந்துகொள்ளலாம்.
நோட்டில் எழுதி வைத்தாள்: அடுத்த வாரம்.
அது நவம்பர்.

மைனஸ் முப்பத்தொன்று.
இரவு பதினொன்றரைக்கு மெர்ல் ஓஸ்ட்பியின் போன்.
தீவனம் தள்ளும் தண்டு இரண்டாக ஒடிந்துவிட்டது,
இருநூறு மாடு காத்து நிற்கிறது.

சாவியைத் திருகினாள்.
விளக்கு அணையும்வரை பொறுத்தாள்.
இரண்டாவது சுற்றில் ஒரு இருமல்,
வெள்ளைப் புகை,
பிறகு அந்தக் கடகடப்பு, தகரக் கூரையில் கல்மழைபோல.
பத்தொன்பது மைல் பனியில்
ஒரு இடத்தில்கூட அது முகம் சுளிக்கவில்லை.

ஓஸ்ட்பி முற்றத்தில் நிறுத்தினாள்.
கண்ணாடி இறங்கவில்லை.
உறைந்து கதவோடு கதவாகியிருந்தது.
பக்கத்து இருக்கையில் கூரைவரை ராடுப் பெட்டிகள்,
அந்தப் பக்கமும் வழியில்லை.

கதவு திறந்துவிடும் ஆண்களை அவளுக்குப் பிடிக்காது.
ஊருக்கே தெரியும்.
மெர்லுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்;
மனைவி போன வருடம்
சர்ச் வாசலில் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவன்.
அதனால்தான் எஞ்சின் சத்தம் கேட்டும்
கொட்டிலுக்குள்ளேயே நின்றான், மரியாதையாக.

மூன்று நிமிடம்.
அவள் ஹார்னைப் பார்த்தாள்.
ஹார்ன் வேலை செய்கிறதா என்று
வாங்கிய நாளிலிருந்து சோதித்ததே இல்லை.

வேலை செய்தது.

வந்தான். கண்ணாடிக்கு வெளியே
மீசையில் பனியோடு, கையைக் கைப்பிடியருகே நிறுத்தி,
"திறக்கலாமா?"

"திற, ஐயா, மாடு பட்டினி."

விடியுமுன் தண்டு ஒட்டியது. மாடுகள் தின்றன.
கைப்பிடி தபாலில் வந்தது;
உறை பிரிக்காமல் டாஷ்போர்டு மேல் கிடக்கிறது.

மார்ச்சில் பனி இளகிவிட்டது.
கண்ணாடி இப்போது வெண்ணெய்போல இறங்குகிறது.
எந்தப் பண்ணைக்குப் போனாலும்
இறக்கி, கையை விட்டு, தானே திறந்துகொள்கிறாள்.

ஓஸ்ட்பி முற்றத்தில் மட்டும்
ஹார்ன்.