இடது கால் ஷூ

தார்த்துவிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம்.
இறங்கிய இடத்தில் ஒரு தபால்பெட்டி,
அதன்மேல் சாய்ந்தபடி ஊர்மாஸ்.
தொழிற்சாலையில் என் பக்கத்து எந்திரம் அவருடையது.
நான்கு வருடத்தில் மொத்தம்
நாற்பது வாக்கியம் பேசியிருப்போம்.

ஆறு, பால் விடாத தேநீர் நிறம்.
அழுக்கா என்றாள் மான்சா.
அவர் இரண்டு சொல் சொன்னார்.
மகள் செர்வா நீட்டி மொழிபெயர்த்தாள்:
அழுக்கில்லையம்மா, சதுப்புநிலத்து மட்கு,
அவருடைய அப்பா இதில்தான் காபி போடுவாராம்.
இரண்டு சொல்லில்
இவ்வளவும் எங்கே இருந்தது?

அலுமினியப் படகு. ஐந்து பேர்.
மடியில் ஜோலோஃப் சோற்று டப்பா,
மேலே அவர் மனைவி பொதிந்து தந்த
புகையூட்டிய மீன்.
வோல்ட்டா ஏரிக்கரையில் பிறந்தவள் மான்சா.
ஒரு படகு கவிழ்ந்த வருடத்திலிருந்து
வாளித் தண்ணீரைத் தவிர எதையும் நம்பியதில்லை.
துடுப்பு எழும்போதெல்லாம்
என் சட்டையைப் பிடித்தாள்.

அப்போதுதான் யாவின் ஷூ நழுவியது.
புதுசு. இடது கால்.
எங்களை முந்திக்கொண்டு
வளைவில் திரும்பிப் போயிற்று,
வேலைக்கு நேரமாகிவிட்டதுபோல.
அழ ஆரம்பித்தவன்
ஒரு நாரையைப் பார்த்து மறந்துபோனான்.

அரை மணி கழித்து
பீவர்கள் கட்டிய சுள்ளி அணையில்
ஒட்டிக்கொண்டு நின்றது அது,
உள்ளே ஒரு நத்தை.
எட்டி எடுத்தவள் மான்சா.
முழங்கைவரை ஆறு.
எங்கள் மொழியில் ஏதோ சொன்னாள், மெல்ல,
ஷூவிடமோ, தண்ணீரிடமோ.

ஊர்மாஸ் செர்வாவைப் பார்த்தார்.
அவள் உதட்டைப் பிதுக்கி என்னைப் பார்த்தாள்.
நான் சொன்னேன்,
உடைந்த எஸ்தோனியத்தில்
இரண்டே சொல்.

அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்,
நெடுநேரம்.