கல்லுப்பு பேசாது

காலை ஐந்தரை. காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி வாசலில்
வஞ்சிரப் பெட்டிகளுக்கு நடுவே
தெர்மாஸ் ஃபிளாஸ்க்கோடு நிற்கிறேன்.
"மீன் எங்கம்மா?" என்கிறார் எத்திராசு.
மீன் இல்லண்ணா, குளோரின்.
"அதுக்கு இன்னாத்துக்கு ஐசு? கெட்டுப் பூடுமா?"
கெடாது. குரல் இறங்கிடும்.
அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.
உடைத்த தூளில் ஒரு கை
கூடுதலாய் அள்ளிப் போட்டார்.

ராயபுரத்தில், வெல்டிங் பட்டறைக்கு மேல்மாடி எங்கள் லேப்.
கண்ணாடிக் குழாயில் பொட்டாசியம் குளோரேட்,
தீக்குச்சித் தலையில் இருக்குமே, அது.
சுற்றிலும் செம்புக் கம்பிச் சுருள்.
காந்தம் வேண்டாம்.
கரு முழு உருண்டை இல்லை, சற்றே நசுங்கியது;
சுற்றியிருக்கும் மின்புலம்
எந்தப் பக்கம் சரிகிறதென்று அதற்குத் தெரியும்.
அந்தச் சரிவின் கணக்குதான் அதிர்வெண்.

கீழே பொறி பறக்கும்வரை
திரை முழுக்கப் புல் முளைத்த இரைச்சல்.
ஒன்றேகாலுக்கு அவர்கள் சோற்றுக்கு உட்கார
ஒற்றைக் கோடு எழுகிறது:
இருபத்தெட்டு மெகாஹெர்ட்ஸும் சில்லறையும்.
அந்தச் சில்லறையில்தான்
என் மூன்று வருடம்.

ஐஸ் கரைந்து தண்ணீர் சூடேறுகிறது.
டிகிரிக்கு ஐந்து கிலோஹெர்ட்ஸ் வீதம்
கோடு கீழே நகர்கிறது.
சூடு ஏறினால் குரலும் ஏறும் என்று
கொருக்குப்பேட்டைத் தண்ணி லாரி வரிசையில்
கற்றவள் நான்.
இங்கே தலைகீழ்.
வெப்பத்தில் குளோரேட் தலையாட்டுகிறது,
ஆட ஆடச் சரிவு மழுங்குகிறது,
மழுங்கியதைத்தான் கரு முணுமுணுக்கிறது.
மே மாதத்தில், மணலி பாய்லரிலிருந்து வந்து
"ம்" மட்டும் சொல்லும் தனசீலனோடு
அன்று இரவு நான் சண்டை போடவில்லை.

அழுத்தத்துக்கு அப்படி ஒரே விதி இல்லை.
கைப் பம்பை அடித்து அடித்து எண்ணெயில் நசுக்கினால்
சில படிகம் ஏற்றிப் பேசும், சில இறக்கி.
ஏன் என்று எழுத வேண்டிய பக்கம்
என் தீசிஸில் இன்னும் வெள்ளை.

நேற்று விளையாட்டாய்
பௌசியாவின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து
ஒரு கல்லுப்பைச் சுருளுக்குள் வைத்தோம்.
அதிலும் குளோரின்தான். அதே கரு.
எவ்வளவு தேடியும் கோடு இல்லை.
ஆறு பக்கமும் ஆறு சோடியம், ஒரே தூரத்தில்.
சரிவே இல்லாதவனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது?
சுற்றிலும் சமமாக
எத்தனை டன் ஏற்றினாலும் வாய் திறக்காது.

"ஒரு பக்கமா மட்டும் அமுக்கினா?"
என்றாள் பௌசியா.
எண்ணூர்க்காரி அவள்,
வீட்டுக்கு ஒரு பக்கம் கடல்,
மறுபக்கம் சாம்பல் குட்டை.
அப்போது ஏதோ சொல்லும்தான்.
எங்கள் கருவிக்கு எட்டாத தாழ்வில்.

கீழே மறுபடி பொறி.
திரையில் புல்.
உப்பை வெளியே எடுத்து ஊதி,
மாங்காய்த் துண்டில் தேய்த்து
பௌசியா கடித்தாள்.