டிமகாட்சோ தெரு

மசேருவில், மூன்றாம் மாடியில், ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து
அந்தப் படிவத்தை எழுதியவன் நான்தான்.
பெயர். வயது. எத்தனையாவது மாதம்.
இரத்த அழுத்தம், மேலே, கீழே.
தெருப்பெயர். கதவு எண்.
கடைசி இரண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம் போட்டேன்:
நிரப்பாவிட்டால் நகராது.
ஏன் போட்டேன்?
பழைய படிவத்தில் இருந்தது.
அதை எழுதியவனுக்கும் யாரோ ஒரு பழைய படிவம்.

ஜூனில் தரவைத் திறந்தால்
மலைப்பக்கத்தில் முப்பத்தேழு கர்ப்பிணிகள்,
அத்தனை பேரும் ஒரே தெரு.
டிமகாட்சோ தெரு, கதவு எண் ஒன்று.
டிமகாட்சோ தெரு, கதவு எண் இரண்டு.
ஒரு கதவும் விடுபடாமல்
தெரு முழுக்க வயிறுகள்.

வரைபடத்தில் தேடினேன்.
சென்கு ஆறு வளைந்து போயிற்று.
அதற்கு மேலே பழுப்பு, அதற்கும் மேலே வெள்ளை.
தெரு என்று ஒரு கோடுகூட இல்லை.
"போலித் தரவு, அழித்துவிடு" என்றார் செக்கொன்யானா.
அவர் தலைக்கு மேலே சுவரில்
புத்தாக்கம் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

அழிக்க ஒரு விசை போதும்.
இருபத்தொன்பதாம் கதவில் விரல் நின்றது.
அழுத்தம் நூற்று அறுபத்தெட்டு.
பொய் எழுதுகிறவர்கள்
நூற்று இருபது என்றுதான் எழுதுவார்கள்.

பேருந்து முடிந்த இடத்தில் குதிரை ஏறினேன்.
ஏறினேன் என்பது மரியாதைக்கு.
இரண்டு முறை வாந்தி, ஒரு முறை பனிச்சேறு.
மாலையில், ரப்பர் பூட்ஸும்
ஊக்கு குத்திய போர்வையுமாக ஒருத்தி
முகட்டிலிருந்து இறங்கி வந்தாள்.
அக்குளில் எதையோ இடுக்கியிருந்தாள், கோழிக்குஞ்சைப் போல.
கைபேசி.
குளிரில் பேட்டரி செத்துவிடுமாம்.

"டிமகாட்சோ தெரு எங்கே?"
நெஞ்சில் தட்டிக் காட்டினாள்.
"நான்தான்.
இங்கே வீட்டுக்கு வீடு ஒரு மலை.
தெருவைச் சொன்னால்தான் விடுவேன் என்றது உன் பெட்டி.
நான் நடக்கிற வழியைத் தவிர
இங்கே வேறு என்ன தெரு இருக்கிறது?
என் பெயரைக் கொடுத்தேன்.
முதலில் போகிற வீடு ஒன்று, அடுத்தது இரண்டு."

இருபத்தொன்பது?
"ரெலெபொகிலே. போர்வையில் கட்டி இறக்கினோம்.
பிள்ளை இருக்கிறது. அவளுக்குப் பார்வை இன்னும் மங்கல்தான்."
கொஞ்ச நேரம் கையைத் தேய்த்துக்கொண்டாள்.
"உன் பெட்டி சிவப்பாகக் கத்தியது, நல்லதுதான்.
ஆனால் மறுநாள், முகட்டில் சிக்னல் கிடைத்த பிறகு."

நான் எதுவும் சொல்லவில்லை.
நூற்று நாற்பதைத் தாண்டினால் சிவப்பு:
அவ்வளவுதான் கணக்கு.
எட்டு வயதுப் பிள்ளை போடும்.
அதைப் போய்
மலை இறக்கி, ஆறு தாண்டி,
மசேருவில் ஓர் இயந்திரத்திடம் கேட்கச் சொல்லியிருந்தேன்.

அன்றிரவு சாண வறட்டித் தீயில்
கண் எரிய எரிய
அந்த இரண்டு வரியைக் கைபேசிக்குள்ளேயே மாற்றினேன்.
அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்:
எழுத்தைப் பெரிதாக்கு.
செசோத்தோவில் கேள்.
கையுறையோடு தொட்டாலும் தெரியட்டும்.
வீட்டுக்கு வழி எழுத இடம் விடு, நீளமாக,
பிளந்த பாறைக்குக் கீழே, இரண்டு நாய், கறுப்பு கடிக்கும்,
இதெல்லாம் ராத்திரியில் குதிரையோடு வருகிறவனுக்குத் தெரிய வேண்டாமா?
முப்பத்தோராவது கோரிக்கையில் தூங்கிப்போனேன்.
இன்னும் சில இருந்தனவாம்.

செக்கொன்யானாவிடம் சண்டை போட
மூன்று வாரம் ஆயிற்று.
அடுத்த வருடம் படிவம் எழுதும்போது
அவளை அழைத்துச் சம்பளம் கொடுத்து உட்காரவைக்கச் சொன்னேன்.
யோசிக்கிறேன் என்றார்.
இன்னும் யோசிக்கிறார்.

பீச் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்த வாரம்
புதிய படிவம் மலையேறியது.
நட்சத்திரம் இல்லை. தெருவும் இல்லை, கதவும் இல்லை.
நள்ளிரவில் முதல் பதிவு வந்தது.
வயது பத்தொன்பது, ஆறாம் மாதம்,
அழுத்தம் நூற்றுப் பதினான்கு.
வழி: ஓடைக்கு அப்பால், தகரக் கூரை, நாய் இல்லை.
அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே,
டிமகாட்சோ தெரு, முப்பத்தெட்டு.